பழைய பிக்கப்புக்கு வேறு எஞ்சின்: வாங்க முன் கணக்குப் பாருங்கள்

வேலைக்குப் போகவும் சாமான் ஏற்றவும் எம்மவர் பலர் பழைய ரொயோட்டா பிக்கப் வைத்திருக்கிறார்கள். 1985 முதல் 1995 வரை வந்த பலவற்றில் 22ஆர்ஈ என்ற 2.4 லீற்றர் எஞ்சின் இருக்கும். நல்ல உழைப்பாளி. ஆனால் ரைமிங் செயினைத் தாங்கும் பிளாஸ்ரிக் துண்டு உடைந்தால், செயின் மூடியை அராவி, தண்ணீர் ஒயிலுக்குள் போய்விடும். காலையில் ஸ்ராட் பண்ணும்போது கடகட சத்தம் கேட்ட உடனே செயினை மாற்றினால் எஞ்சின் தப்பும். ஆகவே முதலில் கொம்பிரசன் பரிசோதனை செய்வியுங்கள்.

எஞ்சின் மாற்றத்தான் வேண்டும் என்றால், அடுத்தது சட்டம். கலிபோர்ணியாவில் 1976ஆம் ஆண்டிலும் அதற்குப் பின்னரும் வந்த பழைய பெற்றோல் வாகனங்களுக்குப் புகைப் பரிசோதனை உண்டு. போடும் எஞ்சின் வாகனத்தின் வருடத்திலும் பழையதாக இருக்கக்கூடாது. புகை கட்டுப்படுத்தும் பாகங்கள் எல்லாம் இருக்கவேண்டும். அதே வகை எஞ்சின் போடுவதே சுலபம். மற்ற மாநிலங்களில் விதிகள் வேறு, முன்பே விசாரியுங்கள்.

இனிக் கணக்கு. எஞ்சின் விலை முதல் வரி மட்டுமே. அதன் கீழே எழுதுங்கள்: கிளச், பின் ஒயில் சீல், தண்ணீர்ப் பம்ப், ஹோஸ்கள், மவுண்ட், கஸ்கெற், ஒயில், கூலன்ற், தூக்கும் கிரேன் வாடகை, மெக்கானிக் கூலி. பழைய எஞ்சினைத் திருப்பிக் கொடுக்கும்வரை கடைக்காரர் பிடித்துவைக்கும் 'கோர்' பணத்தையும் சேருங்கள். புதியதற்குத் தேவையான பாகங்களைக் கழற்றி எடுக்கும்வரை பழையதைக் கொடுக்காதீர்கள்.

பிக்கப் நிற்கும் நாட்களில் வேலைக்கு யாருடன் போவது? சிப்ற் தவறினால் சம்பளமும் இல்லை. அதையும் எழுதி, மொத்தத்துடன் ஐந்தில் ஒரு பங்கு கூட்டுங்கள். அந்தத் தொகைக்கு ஓடுகிற வேறொரு பிக்கப் கிடைக்குமானால், எஞ்சினை விட்டுவிட்டு அதையே வாங்குங்கள்.