தொலைநிலைத் தரவுப் பிரதியாக்கம்

தொலைநிலைத் தரவுப் பிரதியாக்கம் என்பது, ஒரு தரவு மையத்தின் சேமிப்பு முறைமையில் எழுதப்படும் தரவுகளை வேறோர் இடத்திலுள்ள சேமிப்பு முறைமையிலும் தொடர்ந்து எழுதிவரும் முறையாகும். தீ, வெள்ளம், நிலநடுக்கம் போன்றவற்றால் முதன்மை மையம் செயலிழக்கும்போது, தொலைவில் உள்ள நகலைக் கொண்டு பணிகளைத் தொடர்வதே இதன் நோக்கம். இது பேரிடர் மீட்புத் திட்டத்தின் ஒரு பகுதியாகும். வங்கிகள், பங்குச் சந்தைகள், மருத்துவமனைகள் முதலியன இதனைப் பயன்படுத்துகின்றன.

இலக்குகள்

பேரிடர் மீட்புத் திட்டம் இரண்டு அளவுகளைக் கொண்டு வரையறுக்கப்படுகிறது.

மீட்புப் புள்ளி இலக்கு: எவ்வளவு நேரத்திற்குரிய தரவை இழக்கலாம் என்பதைக் குறிக்கும். இது 15 நிமிடம் எனில், விபத்துக்கு முந்தைய 15 நிமிடங்களில் பதிவானவை இழக்கப்படலாம்.

மீட்பு நேர இலக்கு: பணி நின்றபின் எவ்வளவு நேரத்திற்குள் மீண்டும் தொடங்கவேண்டும் என்பதைக் குறிக்கும்.

வகைகள்

ஒத்திசைவுப் பிரதியாக்கத்தில், இரு இடங்களிலும் எழுதி முடிந்த பின்னரே எழுதும் செயல் நிறைவுற்றதாக வழங்கிக்குத் தெரிவிக்கப்படும். எனவே தரவு இழப்பு இராது. ஆனால் தொலைவு இதற்குத் தடையாகும். ஒளியிழையில் ஒளி நொடிக்கு ஏறத்தாழ 2,00,000 கி.மீ. செல்கிறது. 100 கி.மீ. தொலைவுக்குச் சென்று திரும்ப 1 மில்லிநொடியும், 1,000 கி.மீ. தொலைவுக்கு 10 மில்லிநொடியும் ஆகும். ஒவ்வொரு பதிவும் இவ்வாறு காத்திருக்க நேர்வதால், இம்முறை பெரும்பாலும் அருகிலுள்ள மையங்களுக்கிடையே மட்டுமே கையாளப்படுகிறது.

ஒத்திசையாப் பிரதியாக்கத்தில், முதன்மை மையத்தில் எழுதியவுடன் செயல் நிறைவுற்றதாகக் கொள்ளப்படும். தரவு பின்னர் அனுப்பப்படும். தொலைவு எவ்வளவாயினும் வேகம் குறையாது. எனினும் அனுப்பப்படாமல் எஞ்சியிருக்கும் தரவு விபத்தில் இழக்கப்படும். எனவே, அருகில் ஒத்திசைவு நகலும் தொலைவில் ஒத்திசையா நகலும் வைக்கும் மூன்று மைய அமைப்பைப் பெரிய நிறுவனங்கள் பின்பற்றுகின்றன.

மேலாண்மை

பிரதியாக்கத்தை அமைப்பதைவிட அதனைப் பேணுவது கடினமானது. பின்வருவன கவனிக்கப்படுகின்றன.

எழுதும் வரிசை: ஒரு தரவுத்தளத்தின் பதிவேடும் தரவும் வெவ்வேறு வட்டுத் தொகுதிகளில் இருக்கலாம். அவை வெவ்வேறு கணத்தின் நகல்களாக அமைந்தால் தரவுத்தளம் இயங்காது. ஆகவே இத்தொகுதிகள் ஒரே குழுவாகப் பிரதியாக்கப்படுகின்றன.

பின்னடைவு: தொலை நகல் எவ்வளவு நேரம் பின்தங்கியுள்ளது என்பது இடைவிடாது கண்காணிக்கப்படுகிறது.

மறு ஒத்திசைவு: அறுந்த இணைப்பு சீரானதும், மாறிய பகுதிகள் மட்டும் அனுப்பப்படும். அது முடியும்வரை தொலை நகல் முரண்பட்ட நிலையில் இருக்கலாம். எனவே அதற்கு முன்னரே அந்நகலின் கணநேரப் படிமம் ஒன்று எடுத்து வைக்கப்படுகிறது.

இரட்டை முதன்மை: இணைப்பு அறுந்த நிலையில் இரு மையங்களும் தம்மையே முதன்மையாகக் கருதி எழுதத் தொடங்கினால் தரவு இரண்டாகப் பிரிந்துவிடும். இதனைத் தவிர்க்க, மூன்றாவது இடத்தில் ஒரு நடுவர் வழங்கி அமைக்கப்படுவதுண்டு.

தேசிய பங்குச் சந்தை, 2021

இந்தியாவின் தேசிய பங்குச் சந்தைக்கு மும்பையில் முதன்மை மையமும் அருகு மையமும், சென்னையில் பேரிடர் மீட்பு மையமும் இருந்தன. 2021 பெப்ரவரி 24 அன்று, மையங்களை இணைத்த இரு தொலைத்தொடர்பு நிறுவனங்களின் தடங்களும் ஒருசேரப் பழுதுற்றன. அருகு மையத்துடனான இணைப்பு அறுந்தாலும் முதன்மைச் சேமிப்பு முறைமை இயங்கும் என எதிர்பார்க்கப்பட்டது. ஆனால் அது செயலிழந்தது. இடர் மேலாண்மை முறைமை இயங்காததால் காலை 11.40 மணிக்கு வணிகம் நிறுத்தப்பட்டது. பணிகள் சென்னைக்கு மாற்றப்படவில்லை. பிற்பகல் 3.45 மணிக்கே வணிகம் மீண்டும் தொடங்கியது.

இதையடுத்து, முக்கிய முறைமை தடைப்பட்ட 30 நிமிடங்களுக்குள் அதனைப் பேரிடராக அறிவிக்கவேண்டும் என்றும், அறிவித்த 45 நிமிடங்களுக்குள் மீட்பு மையத்துக்கு மாறவேண்டும் என்றும் செபி 2021 மார்ச்சில் விதித்தது. நகல் இருப்பது மட்டும் போதாது என்பதையும், எப்போது மாறுவது என்பதை முன்னரே வரையறுக்கவேண்டும் என்பதையும் இந்நிகழ்வு காட்டியது. 2024 மார்ச் 2 அன்று, வணிகத்தின் இடையே மீட்பு மையத்துக்கு மாறும் ஒத்திகை ஒரு சிறப்பு அமர்வில் நடத்தப்பட்டது.

காப்புநகலிலிருந்து வேறுபாடு

பிரதியாக்கம் காப்புநகலுக்கு மாற்று அன்று. தவறுதலாக அழிக்கப்பட்டதும், தீநிரலால் சிதைக்கப்பட்டதும் அப்படியே தொலை நகலுக்கும் சென்றுவிடும். 2011 பெப்ரவரியில் ஒரு மென்பொருள் வழுவினால் ஜிமெயில் பயனர்களுள் ஏறத்தாழ 0.02 விழுக்காட்டினரின் மடல்கள் மறைந்தன. பல தரவு மையங்களில் இருந்த நகல்களும் பாதிக்கப்பட்டன. வலையமைப்புடன் இணையாத காந்த நாடாக்களிலிருந்தே அவை மீட்கப்பட்டன.