காய்ச்சினாலும் போகாத நஞ்சு

தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்க வேண்டும் என்பது நம் இல்லங்களில் தாய்மார் வழிவழியாகக் காத்துவரும் நல்ல பழக்கம். காலராவும் டைபாய்டும் மஞ்சட் காமாலையும் அணுகாதிருக்க அதனினும் எளிய காவல் வேறில்லை. ஆனால் தருமபுரி போன்ற ஒரு நகரில், கிருமிக்கு அஞ்சிக் காய்ச்சும் அதே பாத்திரத்தில் மற்றொரு தீங்கு சற்றே மிகுந்துவிடுகிறது என்றால் நம்மில் பலர் வியப்படைவோம். நீர் ஆவியாகிக் குறையும்போது அதில் கரைந்துள்ள புளோரைடு குறைவதில்லை; எஞ்சிய நீரில் செறிவாகிறது. அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையுமில்லை.

இது ஆலைக் கழிவால் வந்த கேடன்று. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் பழம்பாறைகளிலேயே புளோரைடு உள்ள தாதுக்கள் இருக்கின்றன. நிலத்தடி நீர் நெடுங்காலம் அவற்றோடு உறவாடி அதைக் கரைத்துக்கொள்கிறது. ஆழ்துளைக் கிணறுகளை மேலும் மேலும் ஆழப்படுத்தி அந்த நீரை நாம்தாம் வீட்டுக்குள் அழைத்துவந்தோம். குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்றும், வேறு வழியே இல்லாவிடில் 1.5 வரை பொறுக்கலாம் என்றும் இந்தியத் தர நிறுவனம் வரையறுத்துள்ளது. சிறிதளவு பல்லுக்கு நன்மையே செய்யும். மிகுந்தால், ஏறக்குறைய எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் உருவாகிவரும் பற்களில் வெண்திட்டுகளும் பழுப்புக் கோடுகளும் விழும். அவை தேய்த்தாலும் போகா. ஆண்டுக்கணக்கில் பருகுவோருக்கு மூட்டும் முதுகெலும்பும் இறுகி, குனிந்து நிமிர முடியாத நிலை வரலாம். அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் 1937-லேயே மருத்துவர்கள் இந்நோயைக் கண்டு எழுதினர். அப்படியிருந்தும், பல் துலக்காத சோம்பேறி என்று பள்ளியில் ஏச்சு வாங்கும் குழந்தைகள் இன்றும் உண்டு. இதைவிட அநியாயம் என்ன இருக்கிறது!

காவிரி நீரைக் கொணரும் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-ல் தொடங்கிவைக்கப்பட்டது பெரிய ஆறுதல். ஆற்றுநீரில் புளோரைடு குறைவு. எனினும் ஆற்றுநீர் வராத நாளில் ஆழ்துளைக் கிணற்றுக் குழாயைத் திறக்கும் வீட்டுக்கும், இரு நீரும் ஒரே தொட்டியில் கலக்கும் வீட்டுக்கும் கவலை முற்றும் தீரவில்லை.

இந்தக் கவலையைத்தான் வீட்டு வாசலுக்கு வரும் விற்பனையாளர் நன்கறிவார். இரண்டு கம்பிகளை நம் வீட்டு நீரில் அமிழ்த்தி மின்சாரம் பாய்ச்சுவார். நீர் சேறாகப் பழுத்துவிடும். நாம் நடுங்கிப்போவோம். உண்மையில் அந்தப் பழுப்பு, கம்பியிலுள்ள இரும்பு கரைந்து வருவது. தம் இயந்திரத்து நீரில் உப்பு குறைவாதலால் அங்கே மின்சாரம் எளிதில் பாயாது. அது தெளிவாக நிற்கும். அவர் கையிலுள்ள உப்பு அளக்கும் சிறு கருவியும் மொத்த உப்பைத்தான் காட்டும். புளோரைடு எவ்வளவு என்று சொல்லாது.

ஆகவே இயந்திரத்துக்குக் காசு சேர்க்குமுன் ஒரு லிட்டர் நீரைச் சேகரிப்போம். தூய பிளாஸ்டிக் புட்டியை அதே நீரால் இருமுறை அலசி நிரப்பி, மாவட்டத்திலுள்ள தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கட்டணம் செலுத்திக் கொடுக்கலாம். காவிரி நீரும் கிணற்று நீரும் வருமாயின் இரண்டையும் தனித்தனியே கொடுப்பதே முறை.

முடிவில் புளோரைடு மிகுதி என்று வந்தால், எது பயன்படும்? பீங்கான் வடிகட்டி கலங்கலையும் கிருமிகளிற் பெரும்பகுதியையும் நிறுத்தும், புளோரைடை விட்டுவிடும். புற ஊதாக் கதிர்க் கருவி கிருமியைக் கொல்லும். கரைந்ததை ஒன்றும் செய்யாது. சாதாரணக் கரி வடிகட்டி குளோரின் வாடையைப் போக்கும், அவ்வளவே. விலையுயர்ந்த புற ஊதாக் கருவியைச் சுவரில் மாட்டிவிட்டு நிம்மதியாக உறங்கும் குடும்பம், பணத்தோடு பிள்ளையின் பல்லையும் இழக்கிறது.

ஆர்.ஓ. இயந்திரத்தின் மென்சவ்வு புளோரைடைப் பெரும்பாலும் நீக்கும். ஆயினும் ஒரு குடம் நல்ல நீருக்கு இரண்டு மூன்று குடம் கழிவாக வெளியேறும். அந்தக் கழிவில் புளோரைடு இன்னும் செறிந்திருக்குமாதலால் தரை கழுவலாம், மாட்டுக்கு வைக்கலாகாது. 'ஆக்டிவேட்டட் அலுமினா' எனும் நுண்துளை மணிகள் நிரப்பிய வடிகட்டிக்கு மின்சாரமும் வேண்டாம், நீரும் வீணாகாது. ஆனால் மணிகள் நாளடைவில் நிறைந்து செயலற்றுவிடும்; உரிய காலத்தில் புதுப்பிக்கவோ மாற்றவோ வேண்டும். நாகபுரியிலுள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வுக் கழகம் உருவாக்கிய நல்கொண்டா முறையில் சுண்ணாம்பும் படிகாரமும் இட்டுக் கலக்கி, தெளியவைத்து வடிப்பர். செலவு மிகக் குறைவே. படிகாரத்தின் அளவை ஆய்வக முடிவைக் கொண்டு அறிந்தோரே சொல்ல வேண்டும். கண்ணளவாக இடுவது கூடாது. கூரையில் தூய்மையாகப் பிடித்துக் காத்த மழைநீரிலோ புளோரைடு இல்லையென்றே சொல்லலாம். அதைக் காய்ச்சிப் பருகினால் போதும்.

எந்த வழியைக் கொண்டாலும், குடிநீர் மட்டுமன்றிச் சமையல் நீரும் அதுவாகவே இருத்தல் வேண்டும். சோறும் களியும் உலை நீரை உறிஞ்சிக்கொள்வன அல்லவா? பாலும் கேழ்வரகும் கீரையும் நெல்லிக்காயும் வளரும் பிள்ளைகளுக்குத் துணைபுரியும். கட்டன்தேநீர் அவர்களுக்கு வேண்டாம், தேயிலையிலும் புளோரைடு உண்டு. குளிக்கவும் துவைக்கவும் குழாய்நீரே போதும்.

கருவி பொருத்திய சில நாளில், வடிகட்டிய நீரிலும் ஒரு புட்டி அதே ஆய்வகத்துக்குப் போகட்டும். பின் ஆறு மாதங்களுக்கு ஒருமுறை மற்றொன்று.