பாலைவனத்தில் வரிசையாக நடந்த 45 பேர்

மழை விட்ட மறுநாள் தோட்டத்துப் பிள்ளைகள் யாராவது ஒரு கறுப்புக் கல்லைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். "சார், இது வானத்துலேர்ந்து விழுந்த கல்லா?" பெரும்பாலும் அது செம்பாறைத் துண்டு, இல்லைன்னா பழைய இரும்புக் கசடு. ஜொகூரில் விண்கல் விழாது என்பதல்ல. விழுந்தாலும் செம்பனைக் காட்டுக்குள் யார் கண்ணில் படும்? பெரும்பாலான விண்கற்களில் இரும்பு கலந்திருப்பதால், நம்ம ஊர் ஈரத்தில் துருவேறி மற்ற கல்லோடு கல்லாகிவிடும். இப்படிப்பட்ட ஊர்களில் விழும்போதே தெரிந்தால்தான் உண்டு. 2008 செப்டம்பர் 12 காலையில் தமிழ்நாட்டின் சூளகிரியில் விழுந்தது அப்படித்தான் கிடைத்தது.

தேடிப் போகிறவர்கள் பாலைவனத்துக்குப் போவார்கள். அங்கே ஈரமும் இல்லை, புல்லும் இல்லை. வெளிறிய தரையில் கருகிய கல் தூரத்திலிருந்தே தெரியும்.

அதே 2008, அக்டோபர் 6-ஆம் தேதி அமெரிக்காவின் அரிசோனாவில் ஒரு தொலைநோக்கி ஏறக்குறைய 4 மீட்டர் அகலமுள்ள சிறுகோளைக் கண்டது. மோதுவதற்கு முன்பே கண்டுபிடிக்கப்பட்ட முதல் சிறுகோள் அதுதான். சுமார் 19 மணி நேரத்தில் அது சூடானின் நூபியப் பாலைவனத்துக்கு மேலே 37 கிலோமீட்டர் உயரத்தில் வெடித்தது. அவ்வளவு உயரத்தில் வெடித்தால் தரைக்கு என்ன வந்து சேரும்?

டிசம்பரில் கார்ட்டூம் பல்கலைக்கழகத்தின் முவாவியா ஷதாத், ஆய்வாளர் பீட்டர் ஜென்னிஸ்கென்ஸ் இருவரும் மாணவர்கள், பணியாளர்கள் என 45 பேரை அழைத்துப் போனார்கள். பள்ளித் திடலில் குப்பை பொறுக்க நிற்போமே, அதுபோல அகலமாக வரிசை கட்டி, தரையைப் பார்த்தபடி நடந்தார்கள். முதல் கல்லைக் கண்டது ஒரு மாணவர். மூன்று நாளில் 15 துண்டுகள். பிறகு நடந்த தேடல்களையும் சேர்த்தால் ஏறக்குறைய 600 துண்டுகள், சுமார் 10 கிலோ. அருகிலிருந்த ரயில் நிலையத்தின் பெயரையே கல்லுக்கும் வைத்தார்கள்: அல்மகாட்டா சித்தா. அரபு மொழியில் 'ஆறாம் நிலையம்'.

ஏன் வரிசை? ஆளாளுக்கு அலைந்தால் ஒரே இடத்தை நாலு பேர் பார்ப்பார்கள், பக்கத்து இடம் விடுபடும். வரிசையில் போனால், கல் கிடைக்காத இடமும் ஒரு தகவல். இன்னொன்று: கனமான துண்டுகள் முன்னே போய் விழும், லேசானவை பின்தங்கும். காரணம் கூறும் வினாவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. (வானில் ஒளிக்கோடாகத் தெரிவது எரிநட்சத்திரம், தரைக்கு வந்து சேர்ந்த கல்தான் விண்கல். தேர்வில் இதைக் குழப்பி மதிப்பெண்ணை விட்டுவிடாதீர்கள்.)

சரி, பிள்ளை கொண்டுவந்த கல்லை எப்படிச் சோதிப்பது? உடனே காந்தத்தை எடுக்காதீர்கள். கசடும் ஒட்டும், உண்மையான விண்கல்லாக இருந்தால், பலமான காந்தம் அதிலுள்ள பழைய காந்தப் பதிவையே அழித்துவிடும். மேலே குமிழித் துளைகள் இருக்கிறதா என்று பாருங்கள். நிறைய இருந்தால் கசடாக இருக்கலாம். தரை ஓட்டின் பளபளப்பில்லாத பின்பக்கத்தில் கல்லின் ஓரத்தைத் தேய்த்தால் செம்பழுப்புக் கோடு விழுகிறதா? அப்படியானால் அது நம்ம மண்ணின் இரும்புக் கல்தான்.