மாயூரத்தில் ஒரு மாணவர்

உ.வே. சாமிநாதையர் 1871-ஆம் ஆண்டு மாயூரம் சென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணவராகச் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 16. அதற்கு முன்பே அரியலூர் சடகோபையங்கார், குன்னம் சிதம்பரம் பிள்ளை, செங்கணம் விருத்தாசல ரெட்டியார் என்று பலரிடம் பாடம் கேட்டிருந்தார். யாப்பிலக்கண நூலான காரிகையை ரெட்டியார் சொல்லிக்கொடுத்தார். மகனின் தமிழ்ப் படிப்புக்காகவே தந்தை வேங்கடசுப்பையர் ஊர் ஊராகக் குடும்பத்தைப் பெயர்த்துக்கொண்டு போனார். சங்கீத வித்துவானான அவருக்கு நிலையான வருவாய் கிடையாது. அந்தக் கஷ்டத்திலும் படிப்பு நிற்கவில்லை என்பது இந்த வரலாற்றில் மறக்கக்கூடாத செய்தி.

பிள்ளை உடனே ஒப்புக்கொள்ளவில்லை. படிக்கவென்று வருகிறவர்கள் பாதியில் போய்விடுவதைப் பலமுறை பார்த்தவர் அவர். புதிதாக வந்தவரை நைடதம் என்ற காவியத்திலிருந்து ஒரு பாட்டைச் சொல்லவைத்துப் பார்த்த பிறகே சேர்த்துக்கொண்டார்.

அக்காலத்தில் தமிழ் படிப்பதைப் ‘பாடம் கேட்பது’ என்றே சொன்னார்கள். மாணவர் செய்யுளை உரக்கப் படிப்பார். ஆசிரியர் கடினமான இடத்துக்கு மட்டும் பொருள் சொல்வார். பிள்ளைக்குப் பல நூல்கள் மனப்பாடம் என்பதால் கையில் ஏடு வேண்டியதில்லை. திரிபந்தாதி, பிள்ளைத்தமிழ், கோவை, புராணம் என நூல்கள் விரைவாக நகர்ந்தன. இதற்கெனக் குறித்த நேரம் கிடையாது. ஆசிரியர் நடக்கும்போதும், வண்டியில் போகும்போதும், இரவில் படுத்திருக்கும்போதும் பாடம் நடக்கலாம். அவர் மனம் மலர்ந்திருக்கும் வேளையை மாணவர் தெரிந்துவைத்திருக்க வேண்டும்.

அதற்குச் சாமிநாதையர் ஒரு வழி கண்டார். பிள்ளைக்குத் தோட்டத்தில் பெரிய ஆசை. காலையில் கொல்லைப்புறம் போய்ச் செடிகளில் புதுத் தளிர் விட்டிருக்கிறதா என்று பார்ப்பார். ஒரு தளிர் கண்ணில் பட்டால் முகம் மலரும். அதைக் கவனித்த மாணவர் முன்னதாகவே எழுந்து செடி செடியாகத் தேடி, தளிர் எங்கே இருக்கிறதென்று மனத்தில் குறித்துக்கொள்வார். ஆசிரியர் வந்ததும் அந்த இடத்தைக் காட்டுவார். அந்த மகிழ்ச்சியில் பேச்சு வளரும். பேச்சு பாடத்தில் போய் முடியும். அவர் எழுதிய தன்வரலாறான ‘என் சரித்திரம்’ நூலில் இந்தப் பகுதியைப் படிக்கிறவர்களுக்குப் படிப்பின்மேல் அந்த மாணவருக்கு இருந்த பசி நன்றாகவே புரியும்.

எழுதுவதும் ஆசிரியர் பக்கத்திலேயே பழகியதுதான். இருபதுக்கும் மேற்பட்ட தல புராணங்களைப் பாடிய பிள்ளை, செய்யுளைத் தம் கையால் எழுதுவது குறைவு. அவர் சொல்லச் சொல்ல, மாணவர் எழுத்தாணி பிடித்து ஓலையில் எழுதுவார். சொல்லும் வேகத்துக்குக் கை ஓட வேண்டும். திரும்பத் திரும்பக் கேட்கக்கூடாது. எதுகை எப்படி விழுகிறது, ஒரு சொல்லை விலக்கி இன்னொன்றை ஆசிரியர் ஏன் வைக்கிறார் என்பதெல்லாம் எழுதுகிறவருக்குக் கண்முன் நடந்தது. இலக்கணத்தைத் தனியாக மனப்பாடம் செய்வதைவிட இது பெரிய பயிற்சி. அம்பர்ப் புராணம் உருவான காலத்தில் சாமிநாதையருக்கு இந்தப் பேறு கிடைத்தது.

பிள்ளையே இப்படி அலைந்து படித்தவர்தான். தண்டியலங்காரம் என்ற அணியிலக்கண நூல் தெரிந்த பரதேசி ஒருவர் திருச்சிராப்பள்ளித் தெருக்களில் பிச்சைக்குப் போகும்போது, கூடவே நடந்து அந்த நூலைக் கற்றார். இந்த நினைவு இருந்ததால்தானோ என்னவோ, கேட்டு வந்தவர்களை அவர் சாதி, மதம் பார்த்துத் தள்ளவில்லை. கிறிஸ்தவரான சவேரிநாதப் பிள்ளையும் நாகூர் குலாம் காதிறு நாவலரும் அவரிடம் படித்தவர்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் அவர் கண்டிப்பானவர். மாயூரத்தில் ‘நந்தனார் சரித்திரம்’ பாடிய கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் சாமிநாதையர் சங்கீதமும் கற்றுவந்தார். இசையில் மனம் போனால் இலக்கியம் பின்தங்கும் என்று பிள்ளை கருதுவது தெரிந்ததும் அதை விட்டுவிட்டார். பாரதியாரிடம் தொடர்ந்து கற்றிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எண்ணாமல் இருக்க முடியவில்லை.

பிள்ளை 1876-இல் காலமானார். நான்கு ஆண்டுகள் கழித்து, அவருடைய மற்றொரு மாணவரான தியாகராச செட்டியார் தாம் வகித்த கும்பகோணம் கல்லூரித் தமிழாசிரியர் பதவிக்குச் சாமிநாதையரைப் பரிந்துரைத்தார். அதே 1880-இல் கும்பகோணத்தில் முன்சீபாக இருந்த சேலம் இராமசாமி முதலியார் அவரைச் சந்தித்து, என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்டார். அந்தாதிகளும் பிள்ளைத்தமிழ்களும் புராணங்களும் நீண்ட பட்டியலாக வந்தன. முதலியார் அதில் மயங்கவில்லை. பழைய சமணக் காப்பியமான சீவகசிந்தாமணி படித்ததுண்டா என்றார். இல்லை. மணிமேகலையும் இல்லை.

இந்தக் குறை ஒருவருடையது அல்ல. மடங்களிலும் வித்துவான்களிடமும் வழங்கிய பாடத்திட்டமே பழைய காப்பியங்களைப் பெரும்பாலும் ஒதுக்கியிருந்தது. பிரபந்தங்களில் ஆழமாகத் தோய்ந்தவர்கள்கூட அவற்றைத் தொட்டதில்லை. சாமிநாதையர் 25 வயதில் மறுபடி மாணவரானார். சிந்தாமணிக்குப் பாடம் சொல்ல ஆசிரியர் இல்லை. நச்சினார்க்கினியர் உரையும் சிதைந்த ஏடுகளும்தாம் இருந்தன. சமண சமய மரபு தெரிந்தால்தான் நூல் விளங்கும் என்று கண்டு, கும்பகோணத்தில் இருந்த சமணர்களிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டார். ஓலையில் வேகமாக எழுதிப் பழகிய கையும், எதுகையைக் கேட்ட மாத்திரத்தில் பிடிக்கும் காதும் பிரதிகளை ஒப்பிட்டுச் சரியான பாடத்தைத் தேர்ந்தெடுக்கத் துணைசெய்தன. சீவகசிந்தாமணி 1887-இல் அச்சாகி வெளிவந்தது.