தபால் ஆபீஸ் சுவரில் ஓவியம்... யார் தீர்மானிப்பது?

திருத்தங்கல் தபால் ஆபீஸுக்குப் போஸ்ட் மாஸ்டர் அறைக் கதவுக்கு மேலே 12 அடி நீளத்துக்கு ஓர் ஓவியம் வைக்கலாம் என்று அரசு சொன்னால் எதை வரைவது? மலைமேல் நிற்கும் பெருமாளையா? தீப்பெட்டி ஒட்டும் பெண்களையா? பட்டாசையா? ஒன்றைச் சொன்னாலே நாலு பேர் சண்டைக்கு வந்துடுவாங்க.

அமெரிக்காவில் இது நிஜமாகவே நடந்தது. பொருளாதார மந்தம் வாட்டிய 1934-ல், அந்நாட்டுக் கருவூலத் துறை ஓவியத்துக்கெனத் தனிப் பிரிவு தொடங்கியது. புதுசா கட்டும் அரசுக் கட்டிடச் செலவில் சுமார் 1 சதவீதம் கலைக்கு. போட்டி வைத்து ஓவியர்களைத் தேர்ந்தெடுத்தார்கள். 1943-ல் பிரிவு மூடப்படுவதற்குள் ஆயிரத்துக்கும் அதிகமான தபால் நிலையங்களில் ஓவியமோ சிற்பமோ வந்துவிட்டது. பெரும்பாலும் சின்ன ஊர்கள்.

சுவரோவியம் என்றாலும் பலவற்றைச் சுவரில் வரையவில்லை. ஓவியர் தன் ஊரிலேயே கேன்வாஸில் வரைந்து, சுருட்டி எடுத்துவந்து, பசை போட்டு ஒட்டிவிட்டுப் போவார். சிக்கலும் அங்கேதான். ஊருக்கே வராதவர் வரைந்தால் ஊர்க்காரர் சும்மா இருப்பாரா?

மெய்ன் மாநிலத்தின் கென்னபங்க்போர்ட், கப்பல் கட்டிப் பேர் வாங்கிய ஊர். 1941-ல் எலிசபெத் ட்ரேசி வரைந்த ஓவியத்தில் இருந்ததோ கடற்கரையில் குளிக்க வந்தவர்கள். 'இதுவா எங்க ஊரு?' என்று எதிர்ப்பு கிளம்பி, 1945-ல் ஓவியத்தையே எடுத்துவிட்டார்கள். அந்த இடத்துக்குக் கப்பல் ஓவியம் வந்தது.

சான் பிரான்சிஸ்கோவின் ரிங்கன் தபால் நிலையக் கதை வேறு மாதிரி. ஆண்டன் ரெஃப்ரிஜியர் அங்கே 27 ஓவியங்கள் வரைந்தார். வேலைநிறுத்தம், சீனத் தொழிலாளர் மீதான தாக்குதல் எல்லாம் அதில் உண்டு. கம்யூனிஸ்ட் வாடை அடிக்குது என்று 1953-ல் நாடாளுமன்றக் குழு வரை விஷயம் போனது. ஊர்க்காரர்களும் அருங்காட்சியகங்களும் எதிர்த்து நின்றதால் ஓவியம் தப்பியது. தபால் ஆபீஸ் காலிசெய்து போன பிறகும் அதே சுவரில்தான் இருக்கிறது.

நம்ம பக்கம் ஓவியம் வீட்டுக்கு வந்தது காலண்டரில். கோவில்பட்டி சி.கொண்டைய ராஜுவும் அவரது சீடர்களும் வரைந்த முருகனும் லட்சுமியும் சிவகாசி அச்சகங்கள் வழியாகவே வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தார்கள். தபால் ஆபீஸ் சுவரிலோ இன்றைக்கும் கண்ணில் படுவது செல்வமகள் சேமிப்புத் திட்ட போஸ்டர்தான்.