நாற்பதிலும் கீழே வைக்காத மட்டை

பர்மிங்ஹாம், 2022 ஆகஸ்ட். காமன்வெல்த் டேபிள் டென்னிஸ் ஒற்றையர் இறுதிப் போட்டி. முதல் கேமை இங்கிலாந்தின் லியாம் பிட்ச்ஃபோர்டு 13-11 என்று எடுத்துவிட்டார். உள்ளூர்க்காரர், பதினோரு வயது இளையவர். அடுத்த நான்கு கேம்களையும் வரிசையாக வென்றார் சென்னையின் சரத் கமல். அதில் ஒன்று 11-2! நாற்பது வயது நிறைந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. இதே ஒற்றையர் தங்கத்தை அவர் முதலில் வாங்கியது 2006-ல், மெல்போர்னில்.

இடையில் 16 ஆண்டுகள். இத்தனை காலம் அவரை மேசை முன் நிறுத்தியது எது?

பதக்க ஆசை என்று சொல்லிவிடலாம். ஆனால் கணக்கு இடிக்கிறது. 2010, 2014, 2018 என்று மூன்று காமன்வெல்த் போட்டிகளில் ஒற்றையர் தங்கம் கைநழுவியது. 2012 லண்டன் ஒலிம்பிக்கிற்குத் தகுதியே பெறவில்லை. 2015-ல் காயம் வேறு. ஆசை மட்டும்தான் என்றால் அங்கேயே வற்றியிருக்கும்.

தொடக்கம் வீட்டில். அப்பா ஸ்ரீநிவாச ராவும் அவருடைய சகோதரர் முரளிதர ராவும் பயிற்சியாளர்கள். நாலு வயதில் மட்டை பிடித்தார் சரத். அந்த வயதில் ஊக்கம் என்று தனியாக என்ன வேண்டும்? அப்பா போகும் இடத்துக்குப் பிள்ளையும் போகும், அவ்வளவுதான்.

அதன்பின் விளையாட்டே அவரைச் சும்மா இருக்க விடவில்லை. 21 புள்ளி கேம் 2001-ல் 11 புள்ளியாகச் சுருங்கியது. அப்போதெல்லாம் ஆட்டத்துக்குச் சற்று முன் ரப்பரை உரித்து, நெடியடிக்கும் பசையைப் புதிதாகத் தடவி, மறுபடி மட்டையில் ஒட்டுவார்கள். பசையில் ரப்பர் உப்பிக்கொள்ளும். பட்ட பந்து சீறிப் பாயும். உடம்புக்குக் கெடுதல் என்று அந்தப் பசைக்கு 2008-ல் தடை வந்தது. 2014-ல் செல்லுலாய்டு பந்து போய் பிளாஸ்டிக் பந்து வந்தது, சுழற்சி குறைந்தது. ஆறடிக்கு மேல் உயரமும் இடி மாதிரி ஃபோர்ஹேண்டும் இருந்தும், ஒவ்வொரு முறையும் கையைப் புதிதாகப் பழக்க வேண்டியிருந்தது. சலிப்புத் தட்டாமல் இருந்ததற்கு இந்தத் தொல்லையும் ஒரு காரணம் என்றே தோன்றுகிறது.

ஆனால் பெரிய காரணம் கூட ஆடியவர்கள். 2018 ஜகார்த்தா ஆசியப் போட்டியில் இந்திய ஆண்கள் அணி வெண்கலம் வென்றது. ஆசியப் போட்டி டேபிள் டென்னிஸில் இந்தியாவுக்கு அதுவே முதல் பதக்கம். அந்த அணியில் சத்யனும் அமல்ராஜும் தமிழ்நாட்டுக்காரர்கள். சத்யன் சரத்தைவிடப் பத்து வயது சின்னவர். பர்மிங்ஹாமில் கலப்பு இரட்டையர் தங்கத்தைச் சரத்துடன் பகிர்ந்த ஸ்ரீஜா அகுலாவுக்கு, சரத் மெல்போர்னில் வென்றபோது ஏழு வயது. தனக்காக ஆடிக் களைத்தவரை, இளையவர்களுக்கு ஈடுகொடுக்க வேண்டிய அவசியம் இன்னொரு சுற்று இழுத்து வந்தது.

ஒலிம்பிக் பதக்கம் மட்டும் கடைசிவரை வாய்க்கவில்லை. ஐந்து ஒலிம்பிக்குகள் ஆடினார். டோக்கியோவில், 39 வயதில், சீனாவின் மா லாங்கிடம் ஒரு கேமைப் பறித்தார். பாரிஸில் பி.வி. சிந்துவோடு தேசியக் கொடி ஏந்தினார். தேசிய சாம்பியன் பட்டம் 10 முறை. அவருக்கு முன் கமலேஷ் மேத்தாவின் 8 பட்டங்களே சாதனை. 2025 மார்ச்சில் சென்னையில் நடந்த சர்வதேசப் போட்டியில், இன்னொரு இளம் இந்திய வீரர் ஸ்னேஹித்திடம் ஒற்றையர் ஆட்டத்தில் தோற்று, 42 வயதில் ஓய்வு பெற்றார்.