தவற்றைச் சொல்லும் தைரியம்

பாலாறும் செய்யாறும் வேகவதியும் ஒன்றுகூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில், வீரராஜேந்திர சோழன் காலத்துச் சாசனம் ஒன்று இருக்கிறது. பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தச் சாசனம், அங்கே நடந்துவந்த ஆதுலர் சாலையில் 15 படுக்கைகள் இருந்தன என்றும், ஒரு வைத்தியர், ரண சிகிச்சை செய்பவர் ஒருவர், மூலிகையும் விறகும் கொண்டுவர இருவர், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய இரண்டு பெண்கள் இருந்தனர் என்றும், இன்னாருக்கு இத்தனை கலம் நெல் என்றும் கணக்குப் பிசகாமல் கூறுகிறது. ஆட்களும் ஊதியமும் கல்லில் நிலைத்துவிட்டன. அந்தப் பெண்களில் ஒருத்தி நடுநிசியில் நோயாளிக்கு மூச்சுத் திணறுவதைக் கண்டபோது வைத்தியரை எழுப்பி என்ன சொன்னாள், அல்லது எழுப்பவே அஞ்சினாளா என்பது மட்டும் நமக்குக் கிட்டவில்லை. ஆனால் நோயாளியின் உயிர் பல சமயங்களில் அந்தச் சம்பாஷணையைத்தான் நம்பியிருக்கிறது.

திருமுக்கூடல் அமைந்த மாவட்டத்திலேயே இருக்கும் ஐயங்கார்குளத்தை வெளியூரார் அறிந்திருப்பது நடவாவிக் கிணற்றாலும், சித்திரா பௌர்ணமியன்று வரதராஜப் பெருமாள் அங்கே எழுந்தருளும் உற்சவத்தாலுமே. எனினும் இத்தகைய கிராமங்களில் வருஷம் முழுவதும் வீடு வீடாக எழுந்தருளுபவர் ஒருவர் உண்டு. ஜனங்கள் 'நர்ஸம்மா' என்று அழைக்கும் கிராம சுகாதாரச் செவிலியரே அவர். சமவெளியில் சுமார் 5000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்பது அரசாங்கக் கணக்கு. கர்ப்பிணிகளைப் பதிவு செய்வது, தடுப்பூசி போடுவது, பிரசவித்தவளைப் போய்ப் பார்ப்பது யாவும் அவர் பொறுப்பு. இவரைப் போன்ற சிலருடைய வேலையை மேற்பார்ப்பவர் பகுதி சுகாதாரச் செவிலியர். நேற்றுவரை இவர்களோடு அதே வெயிலில் நடந்த ஒருவர், பதவி உயர்வு பெற்ற மறுநாள் முதல் இவர்களுடைய பதிவேடுகளைத் திருத்துகிறவராக ஆகிறார். மருத்துவமனை வார்டின் தலைமைச் செவிலியருக்கும் இதே நிலைதான். ஊசி போடவும் நாடி பார்க்கவும் வருஷக்கணக்கில் கற்பித்தோம். கீழே வேலை செய்பவளோடு பேசக் கற்பிக்க எத்தனை நாள் ஒதுக்கினோம்?

இந்த இடத்தில் விஞ்ஞானம் ஒரு விந்தையான விருத்தாந்தத்தைச் சொல்கிறது. 1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆராய்ச்சியாளர், அமெரிக்க மருத்துவமனைகள் இரண்டில் எட்டு வார்டுகளை எடுத்துக்கொண்டு, ஒற்றுமையோடு இயங்கும் குழுக்களில் மருந்து கொடுப்பதில் தவறுகள் குறைவாகத்தான் இருக்கும் என்று எதிர்பார்த்து ஆராய்ந்தார். கிடைத்ததோ நேர் விரோதம். நல்ல தலைமை அமைந்த வார்டுகளிலேயே அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன! திகைத்துப்போனவர், வார்டுகளின் தராதரம் எதுவும் அறியாத வேறொருவரை அனுப்பி உற்றுநோக்கச் செய்தபோது காரணம் புலப்பட்டது. அங்கே தவறுகள் அதிகம் நிகழவில்லை, அதிகம் சொல்லப்பட்டன. ஏச்சுக்கு அஞ்சிய வார்டுகளில் தவறு நிகழ்ந்தது, ஆனால் புதைந்துபோயிற்று. 1996-இல் வெளிவந்த இந்த ஆய்வை நம் மேற்பார்வையாளர் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்பது என் ஆசை. ஏனெனில் குறையே எழுதப்படாத பதிவேட்டை நாம் மெச்சப் பழகிவிட்டோம். அந்தப் பதிவேடு பயத்தின் பிரதியாகவும் இருக்கக்கூடும்.

தைரியம் வந்துவிட்டாலும், சொல்லும் முறை ஒன்று வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் தோன்றிப் பிறகு மருத்துவமனைகளுக்கு வந்த ஒழுங்கு இது: இப்போது என்ன நேர்ந்திருக்கிறது, அதன் பின்னணி யாது, என் கணிப்பு என்ன, என்ன செய்ய வேண்டும் என்று கருதுகிறேன் என்பனவற்றை இந்த வரிசையிலேயே சொல்வது. "டாக்டர், அந்த அம்மாவுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்பதற்கும், "ரத்த அழுத்தம் 160/110, தலைவலி இருக்கு, எட்டாம் மாசம், முதல் பிரசவம், சிறுநீரில் ஆல்புமின் வந்திருக்கு, வலிப்பு வந்துடுமோன்னு பயப்படுறேன், உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பணும்" என்பதற்கும் உள்ள தூரம் ஓர் உயிரின் தூரம். கேட்டவர் அதைத் திருப்பிச் சொல்லி உறுதிப்படுத்த வேண்டும் என்பதும் இம்முறையைச் சார்ந்த நல்ல வழக்கமே. இந்த நான்கில் மூன்றாவதையும் நான்காவதையும் சொல்லத்தான் நம் செவிலியர்கள் தயங்குகிறார்கள். கண்டதைச் சொல்வார்கள், கருதுவதைச் சொல்வது தம் ஸ்தானத்துக்கு மிஞ்சியது என்று எண்ணுவார்கள். அந்தத் தயக்கத்தைப் போக்குவது மேற்பார்வையாளரின் முதற்கடமை.

அச்சிட்ட தாளால் மட்டும் இது ஆகாது. உத்தரப் பிரதேசத்தில் 120 சுகாதார நிலையங்களை எடுத்துக்கொண்டு, அவற்றுள் பாதியில் மட்டும் பிரசவப் பாதுகாப்புப் பட்டியல் ஒன்றைக் கொடுத்து, பயிற்சியாளர்களை நேரில் அனுப்பிப் பார்த்தார்கள். 2017-இல் வெளியான முடிவின்படி, செவிலியர்களின் நடைமுறைகள் திருந்தின. பயிற்சியாளர்கள் வருவது நின்றபின் அத்திருத்தம் ஓரளவு தளர்ந்தது. இறப்பு விகிதத்தில் வித்தியாசம் காணப்படவில்லை. மருந்து, ஆள்பலம், மேல் சிகிச்சை வசதி ஆகியவற்றின் இடத்தைப் பேச்சுத்திறனால் நிரப்ப இயலாது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆயினும் அந்த வசதிகள் உள்ள இடத்திலும், உரிய நேரத்தில் உரிய வார்த்தை எழாவிட்டால் அவை பயன்படாமல் கிடக்கும்.

மேற்பார்வை செய்யும் சகோதரிகளுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த மாதக் கூட்டத்தில் பதிவேடுகளைத் திறக்குமுன், உங்கள் கைதவறிய சம்பவம் ஒன்றை முதலில் நீங்களே சொல்லுங்கள். பிறகு வயதில் இளையவரைப் பேசச் சொல்லி, முடியும்வரை குறுக்கிடாமல் கேளுங்கள். டியூட்டி மாறும் நேரத்தில் இருவர் நின்று பேசும் நிமிஷங்களையும் வேலை நேரமாகவே கணக்கில் சேர்க்குமாறு மேலதிகாரிகளிடம் கேட்டு வாங்குங்கள்.